களப்பைச் சுற்றிவரும் நேரம்

கற்பிட்டியிலிருந்து புத்தளத்துக்குக் களப்பின் குறுக்கே நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 25 கிலோமீற்றர்தான். ஆனால் வண்டிக்கு அந்தக் கோடு உதவாது. நுரைச்சோலையையும் தாண்டிக் குடாநாட்டின் நீளம் முழுக்கத் தெற்கே பாலாவிவரை இறங்கி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். தூரம் இரு மடங்கை நெருங்கிவிடும். நோயாளர் காவு வண்டி வரத் தாமதமாகிறது, வந்தாலும் போய்ச்சேர நேரமாகிறது என்று இந்தக் கரையோரத்தில் எழும் கவலைக்கு அடியில் கிடப்பது இந்த நில அமைப்புத்தான்.

முன்பு இங்கே தண்ணீர்தான் தெரு. 1667இல் ஒல்லாந்தர் கற்பிட்டியில் கோட்டை கட்டத் தொடங்கியது, களப்பின் வாயைக் கையில் வைத்துக்கொண்டு, புத்தளம் துறைவழியே நடந்த கண்டி அரசின் வணிகத்தைக் கட்டுப்படுத்தத்தான். பின்னர் நீர்கொழும்பு, சிலாபம் என்று கரையை ஒட்டி வந்த வாய்க்கால் புத்தளம் களப்பைக் கொழும்போடு இணைத்தது. 1834இல் இலங்கையின் ஊர்களையெல்லாம் தொகுத்து 'சிலோன் கசற்றியர்' வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்தது கற்பிட்டியில்தான். அவர் காலத்தில் அது ஒரு துறைமுகம். கடல்வழி வருபவருக்கு அதுவே வாசல்.

அந்த நிலையைத் தண்டவாளமும் தார்த்தெருவும் மாற்றின. ரயில் 1916இல் சிலாபத்துக்கும் 1926இல் புத்தளத்துக்கும் வந்தது. கற்பிட்டிக்கு வரவேயில்லை. வாய்க்கால் தூர்ந்தது. வழியின் தொடக்கத்தில் இருந்த ஊர் வழியின் தொங்கலுக்குப் போனது.

இந்த ஒற்றைத் தெருவின் மேல் 1990 ஒக்டோபரில் பெரும் பாரம் இறங்கியது. விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தனர். மன்னாரிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். ஆலங்குடா போன்ற இடங்களில் முகாம்கள் எழுந்தன; முகாம்கள் ஊர்களாயின.

தற்செயலாக, அவசரத்துக்கு இன்று அழைக்கும் எண்ணும் 1990தான். ஐதராபாத்தில் 2005இல் தொடங்கிய 108 சேவையின் அச்சில், இந்திய அரசின் நன்கொடையோடு 'சுவசெரிய' என்ற நோயாளர் காவு வண்டிச் சேவை 2016 ஜூலை 28 அன்று மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் ஓடத் தொடங்கியது. வடமேல் மாகாணத்தில் உள்ள புத்தளம் அந்த முதல் பட்டியலில் இல்லை. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய விரிவாக்கத்தில் மேலும் 209 வண்டிகள் சேர்ந்த பிறகே நாடு முழுவதும் அதன் எல்லைக்குள் வந்தது. வண்டிகள் பெரும்பாலும் பொலிஸ் நிலையங்களில் நிறுத்தப்பட்டிருக்கும், சாரதியோடு பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரும் இருப்பார், கட்டணம் இல்லை. முன்பெல்லாம் நள்ளிரவில் முச்சக்கரவண்டி தேடி அலைந்த குடும்பங்களுக்கு இது சிறிய மாற்றமல்ல.

ஆனால் சேவையின் வேகத்தை அளப்பது அழைப்புக்கும் வண்டியின் வருகைக்கும் இடைப்பட்ட நிமிடங்களை வைத்து. இந்தக் கரையில் தாமதத்தின் பெரும்பகுதி அந்த அளவுகோலுக்கு வெளியே நிற்கிறது. கற்பிட்டிக்கு வடக்கேயுள்ள தீவுகளான பத்தலங்குண்டிலும் உச்சமுனையிலும் வாடி போட்டுத் தங்கும் மீனவருக்கு நெஞ்சுவலி வந்தால் முதலில் தேவைப்படுவது இயந்திரப் படகு. கடல் கொந்தளித்தால் அதுவும் சிக்கல். பழைய ஒல்லாந்தர் கோட்டையில் இன்று இருப்பது கடற்படையின் 'விஜய' முகாம். கடலில் ஆபத்து என்றால் ஆட்கள் நாடுவதும் கடற்படையைத்தான்.

கரைக்கு வந்த பின்னும் பயணம் முடிவதில்லை. கற்பிட்டி ஆதார வைத்தியசாலையில் செய்ய முடியாத சிகிச்சைக்குப் புத்தளம், அதற்கும் மேலென்றால் சிலாபம் பொது வைத்தியசாலை. புத்தளத்திலிருந்து சிலாபம் இன்னுமொரு 50 கிலோமீற்றர். இந்த இடமாற்றங்களை வைத்தியசாலைகள் தங்கள் சொந்த வண்டிகளில் செய்கின்றன. அந்த மணித்தியாலங்கள் 1990 சேவையின் கணக்கில் ஏறுவதில்லை. எனவே குடாநாட்டுக்கு இன்னும் எத்தனை வண்டி என்று கேட்பதோடு, தீவுகளுக்கு நோயாளர் படகு உண்டா, கற்பிட்டியிலேயே எந்தெந்தச் சிகிச்சையை முடிக்கலாம் என்ற இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.