வீட்டில் நிறுத்தப்பட்டவள்

எகிப்தில் வயது ஏறியும் மணமாகாத பெண்ணை 'ஆனிஸ்' என்பார்கள். நம் 'முதிர்கன்னி'யைவிடக் கூடுதலாகக் குத்தும் சொல். நேரே சொல்லக் கூசுகிறவர்கள், 'ரயில் போய்விட்டது' என்று சுற்றிவளைப்பார்கள். மொராக்கோவின் 'பாய்ரா'வுக்கு அந்தக் கூச்சமும் இல்லை. தரிசு நிலத்துக்கும் விலைபோகாத சரக்குக்கும் உரிய வேரில் பிறந்தது அது.

ஆனிஸ் பழஞ்சொல். 13ஆம் நூற்றாண்டில் இப்னு மன்ழூர் தொகுத்த 'லிஸானுல் அரப்' பேரகராதியில், பருவமெய்தி நெடுநாளாகியும் பிறந்த வீட்டிலேயே இருப்பவள் என்று பொருள். ஆணுக்கும் இச்சொல் பொருந்தும் என்கிறது அகராதி. இன்று அந்தப் பாதி வழக்கொழிந்துவிட்டது. அதே வேரின்கீழ் 'அன்ஸ்' என்பதும் உண்டு: பாறை, பாறைபோல் உரமேறிய பெண் ஒட்டகம்.

சுவை இலக்கணத்தில்தான் இருக்கிறது. பெண் இப்படி மணமாகாமல் இருப்பதைச் செய்வினையில் சொல்லலாகாது, செயப்பாட்டுவினையிலேயே சொல்லவேண்டும் என்றார் ஈராக்கின் பஸ்ரா நகர மொழியறிஞர் அஸ்மயீ. அதாவது, அவளாக நிற்கவில்லை, நிறுத்தி வைக்கப்பட்டாள். மற்ற அறிஞர்கள் எல்லாரும் ஒப்பவில்லை என்றாலும், ஆயிரத்திருநூறு ஆண்டுக்கு முந்தைய அந்த இலக்கணப் பிடிவாதத்தில் இன்றைய வசவில் இல்லாத நியாயம் தெரிகிறது. அதே பஸ்ராவில், அதே காலத்தில், மணம் செய்யாமலே வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ராபிஆ அல் அதவிய்யாவை உலகம் இறைநேசராகவே நினைவில் வைத்திருக்கிறது.

1920, 30களில் எகிப்தியப் பத்திரிகைகள் 'மண நெருக்கடி' என்று அலறியபோது குற்றக்கூண்டில் நின்றவர்கள் பெரும்பாலும் மணமாகாத ஆண்கள். விரல் பிறகுதான் பெண் பக்கம் திரும்பியது. மஹர் எனும் மணக்கொடை, 'ஷப்கா' எனும் தங்கம், தனி வீடு என்று மாப்பிள்ளை தலையில் ஏறும் செலவுதான் பல திருமணங்களைத் தள்ளிப்போடுகிறது. ஐக்கிய அரபு அமீரகம் 1992இல் திருமண நிதியம் தொடங்கி மணமகன்களுக்குப் பணமே கொடுத்தது. தட்டுப்பாடு ஆண் பையில்; பட்டம் மட்டும் பெண்ணுக்கு!

கெய்ரோவில் இலக்கியச் சபை நடத்திய எழுத்தாளர் மை ஸியாதா கடைசிவரை மணக்கவில்லை. அவரை 'ஆனிஸா மை' என்றழைத்தார்கள். அது செல்வி என்னும் மரியாதைச் சொல், வேர் வேறு. தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தாலும், வசவு தொண்டையின் அடியிலிருந்து எழும் 'ஐன்' எழுத்தில் தொடங்கும்.

எகிப்தின் மஹல்லா நகரத்து மருந்தாளுநர் காதா அப்துல் ஆல், மாப்பிள்ளை தேடும் படலத்தைக் கேலியாக எழுதி 2008இல் 'எனக்குக் கல்யாணம் ஆகணும்' என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக்கினார். 2010 ரமலானில் அது தொலைக்காட்சித் தொடரானது. அதே ஆண்டுகளில் எகிப்தியப் பெண்கள் சிலர் ஃபேஸ்புக்கில் ஒரு குழு தொடங்கி, வசவின் பன்மையையே பெயராக வைத்துக்கொண்டார்கள்: 'மாற்றத்துக்கான அவானிஸ்'.