இருபது பேர் பட்டியல்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான்: "டீச்சர், கொரோனா நேரத்துல ஊரையே பூட்டினது நியாயமா?" வகுப்பில் மணி அடித்துவிடும், தப்பித்திருப்பேன். இப்போது மணியும் இல்லை.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு இங்கே 144 போட்டார்கள். நம் மாநில விதிகளுக்கு அடிப்படை, 1897-இல் வெள்ளைக்காரன் போட்ட தொற்றுநோய்ச் சட்டம். பம்பாய் பிளேக்குக்காக வந்தது. அன்று அதில் நான்கே பிரிவுகள். அரசு உத்தரவு போடலாம், மீறினால் தண்டிக்கலாம், நல்லெண்ணத்தில் செய்த அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது. மக்களின் உரிமை பற்றி ஒரு வரி கிடையாது. அந்த வருஷமே புனேயில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினார்கள். ஜூன் 22 இரவு, பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. நோயைத் தடுக்க வந்தவர்களை ஊர் ஏன் எதிரியாகப் பார்த்தது என்று யோசியுங்கள்.

நம் ஊரில் அத்தனை கொடுமை இல்லை. ஆனால் ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று 24-ஆம் தேதிதான் சொன்னார்கள். 25-ஆம் தேதி கடைகளிலெல்லாம் கூட்டம் முண்டியடித்தது. கோயம்பேட்டிலிருந்து வேறு மாவட்டங்களுக்கும் தொற்று போய், மே 5 அன்று சந்தையையே மூடினார்கள்.

உயிரைக் காக்கக் கொஞ்ச காலம் கூடாதீர்கள் என்று சொல்ல அரசுக்கு உரிமை உண்டு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தப் பங்குனியில் மயிலாப்பூரில் அறுபத்து மூவர் உலா இல்லை; மனசு வலித்தாலும் ஏற்றுக்கொண்டேன். ஆனால் பென்ஷன் வாங்குகிற எனக்கு அது சுலபம். ரங்கநாதன் தெருக் கடைகளில் நின்று கூலி வாங்கிய பிள்ளைகளுக்கு?

ஜூனில் மந்தைவெளியில் பெரியம்மா போய்விட்டார். கொரோனா இல்லை, வயசு. சடங்குக்கு இருபது பேர்தான். அண்ணா பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து, பெயர் பெயராக போனில் வாசித்தார். இருபதாவது நான். பெரியம்மாவைப் பதினோரு வருஷம் குளிப்பாட்டிச் சோறு ஊட்டிய அம்மாவின் பெயர் அதில் இல்லை. "என் பேரை அடிச்சிட்டு அவங்களை எழுதுங்க அண்ணா" என்றேன். அடையாறில் உட்கார்ந்து வாட்ஸாப்பில்தான் பார்த்தேன். நடுவில் சிக்னல் போய்விட்டது.

தங்கை இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.