டி.பி. சீல் காசு யார் கையில் இருந்தது?

நம்மில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் விற்ற 'டி.பி. சீல்' நினைவிருக்கும். பார்க்கத் தபால்தலை மாதிரியே இருக்கும், ஆனால் தபால்தலையாகச் செல்லாது. இரண்டு குறுக்குக் கோடுகள் போட்ட சிலுவை அதன் அடையாளம். வாத்தியார் கொடுத்ததை வீட்டில் காட்டிக் காசு வாங்கிக் கட்டினோம். அந்தக் காசு எங்கே போனது, யார் கையெழுத்தில் செலவானது என்று நாம் கேட்டதில்லை. நம் சங்கத்தின் பொதுக்குழுவும் செயற்குழுத் தேர்தலும் நெருங்கும் இந்த நேரத்தில், நுரையீரல் நோய்க்காக ஏற்பட்ட தர்ம ஸ்தாபனங்களை யார் யார் நிர்வகித்தார்கள் என்ற கதையை உங்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சீல் என்ற யோசனை ஒரு மந்திரிக்கோ டாக்டருக்கோ வந்ததல்ல. டென்மார்க் நாட்டில் அஞ்சலகக் குமாஸ்தாவாக இருந்த எய்னர் ஹோல்போல் என்பவருக்கு வந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் குவியும் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தவர், ஒவ்வொரு கடிதத்திலும் சின்னதாக ஒரு வில்லை கூடுதலாக ஒட்டினால் காசநோய்க் குழந்தைகளுக்கு மருத்துவமனை கட்டலாமே என்று நினைத்தார். 1904-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அது விற்பனைக்கு வந்து, 40 லட்சத்துக்கு மேல் விற்றது.

அதே 1904-இல் அமெரிக்காவில் தேசிய அளவில் காசநோய்ச் சங்கம் ஒன்று தொடங்கியது. எட்வர்ட் ட்ரூடோ என்ற டாக்டர் அதன் முதல் தலைவர். அவரே காசநோயாளி. டாக்டர்கள் மட்டும் கூடிப் பேசாமல், மருத்துவம் படிக்காத பொதுமக்களும் உறுப்பினராகலாம் என்று ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்டார்கள். நோயை அறிந்தவரும் பணத்தைக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். அன்றைய சென்னை மாகாணத்தில் மதனப்பள்ளி அருகே 1915-இல் ஒரு காசநோய் சானடோரியம் திறக்கப்பட்டது. ஆரோக்கியவரம் என்று பெயர். ஊர் இப்போது ஆந்திராவில் இருக்கிறது. டாக்டர் லூயிசா ஹார்ட் என்ற பெண்மணி அதற்காகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர். டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் ஃப்ரிமோட் மோலர் அதன் கண்காணிப்பாளர். வெவ்வேறு நாடுகளையும் சபைகளையும் சேர்ந்த பல மிஷன்கள் ஒன்றுகூடி, 'யூனியன் மிஷன்' என்ற பெயரில் அதை நடத்தின. தனித்தனியே எந்த மிஷனாலும் தாங்க முடியாத செலவு அது. வழிபாட்டில் ஒத்துப்போகாதவர்கள் வரவு செலவுத் திட்டத்தில் ஒத்துப்போனார்கள். இன்றும் அது ஆரோக்கியவரம் மருத்துவ மையம் என்ற பொது மருத்துவமனையாக இயங்குகிறது.

இதற்கு மாறான உதாரணம் தாம்பரம் சானடோரியம். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் சானடோரியம் நடத்தி, நம் கணித மேதை ராமானுஜனுக்கும் சிகிச்சை தந்த டாக்டர் டேவிட் சவுரிமுத்து, 1928-இல் 12 படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார். ஒரு மனிதரின் முயற்சியில் நின்ற நிறுவனம். 1937-இல் அது அரசின் கைக்குப் போனது. அதனால் அவருடைய பெருமை குறையவில்லை. இன்று அது அரசு நெஞ்சக மருத்துவமனை, ரயில் நிலையத்துக்கும் சானடோரியம் என்றே பெயர். ஆனால் தொடங்கியவருக்குப் பிறகும் ஒரு தர்ம ஸ்தாபனம் தன் காலிலேயே நிற்க வேண்டுமானால், அவரைச் சுற்றி ஒரு குழு வளர்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வகை, பெரிய மனிதர்கள் தலைமை தாங்கும் சங்கம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1928-இன் இறுதியில் நுரையீரல் நோயால் பிழைப்பாரா என்ற நிலைக்குப் போய் மீண்டார். அதற்கு நன்றியாக இந்தியாவில் திரட்டிய நிதி காசநோய் ஒழிப்புக்கு ஒதுக்கப்பட்டது. பின்னர் வைஸ்ராயின் மனைவி லின்லித்கோ சீமாட்டி நாடு முழுவதும் விடுத்த வேண்டுகோளுக்குப் பெருந்தொகை சேர்ந்தது. அந்தப் பணத்தை ஆதாரமாகக் கொண்டு 1939 பிப்ரவரியில் இந்தியக் காசநோய்ச் சங்கம் உருவானது. நமக்குப் பள்ளியில் வந்த சீல் இந்தச் சங்கத்துடையதுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் இந்தச் சங்கத்துக்கும் தலைவராக இருந்தார். பெரிய பெயர் முன்னால் இருந்தால் பணம் வரும். ஆனால் வங்கியில் வேலை பார்த்தவனுக்கு இங்கே ஒரு கேள்வி எழும். ஒருவர் எழுதிய வவுச்சரை அவரே பாஸ் செய்யக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அரசில் உட்கார்ந்திருப்பவரே அரசிடம் கேட்க வேண்டிய சங்கத்துக்கும் தலைவரானால், கேள்வி கேட்பது யார்? ராஜ்குமாரியின் நேர்மையைச் சந்தேகிக்கவில்லை. அமைப்பைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இதற்கு ஒரு மாற்று, விஷயம் தெரிந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. ஆரோக்கியவரத்தில் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் பி.வி. பெஞ்சமின், காசநோய்ச் சங்கத்துக்கும் பின்பு மத்திய அரசுக்கும் ஆலோசகரானார். நோயாளியின் கட்டிலருகே நின்றவரின் அனுபவம் டெல்லி மேஜைக்குப் போனது.

நிர்வாகிகளுக்கு உண்மையான சோதனை பிறகுதான் வந்தது. சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வு ஒன்று, நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்ட காசநோயாளிகளையும் சானடோரியத்தில் படுக்கை கொடுக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டது. 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்கள் வீட்டாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. கட்டிடத்துக்கும் படுக்கைக்கும் நன்கொடை திரட்டிய குழுக்கள், இனி வேலை கட்டிடத்தில் இல்லை, மருந்து விடாமல் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதில்தான் இருக்கிறது என்பதை ஏற்க வேண்டியதாயிற்று. கல்வெட்டில் பெயர் வராத வேலை அது. அமெரிக்கச் சங்கம் காலத்துக்கேற்ப எல்லா நுரையீரல் நோய்களையும் எடுத்துக்கொண்டு, 1973-இல் அமெரிக்க நுரையீரல் சங்கம் என்று பெயரையே மாற்றிக்கொண்டது.

நம் நாட்டில் பழைய வேலையே இன்னும் முடியவில்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இந்தியர். நீங்கள் கொல்லிமலைக்குச் சுற்றுலா போயிருப்பீர்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே 14 ஊராட்சிகள், எல்லாவற்றின் பெயரும் 'நாடு' என்றே முடியும். அவற்றில் ஒன்று திண்ணனூர் நாடு. ஊர்கள் ஒன்றுகூடித் தங்கள் காரியத்தைத் தாங்களே பேசி முடித்த பழைய ஏற்பாட்டின் பெயர் அது. அங்கே ஒருவருக்கு இரண்டு வாரம் இருமல் நிற்கவில்லை என்று வையுங்கள். சளிப் பரிசோதனையும் மாத்திரையும் அரசில் இலவசம். ஆனால் ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும், உடம்பு அதைத் தாங்கச் சத்தான சாப்பாடு வேண்டும், கூலிக்குப் போகாத நாளில் வீட்டில் அடுப்பெரிய வேண்டும்.

சாப்பாடு என்று சும்மா சொல்லவில்லை. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. மத்திய அரசும் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018-இல் தொடங்கிய உதவியை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக்கியது.

2022 செப்டம்பரில் தொடங்கிய 'நிக்ஷய் மித்ரா' திட்டத்தில் தனிநபரோ நம்மைப் போன்ற சங்கமோ சம்மதம் தரும் நோயாளிகளுக்குக் குறைந்தது ஆறு மாதம் உணவுப் பை கொடுக்கலாம். எந்த வட்டாரம் என்பதையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். கொல்லிமலை ஒரு தனி வட்டாரம்தான்.

அதனால் பொதுக்குழுவில் இரண்டு விஷயங்களை உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று, கொல்லிமலை வட்டாரத்தில் சில நோயாளிகளுக்கு உணவுப் பை தரும் பொறுப்பை நம் சங்கம் ஏற்பது. மெயின்டனன்ஸ் கணக்கில் கை வைக்காமல் தனிக் கணக்கு, வாங்குபவர் ஒருவர், பில்லைச் சரிபார்ப்பவர் வேறொருவர், வரவு செலவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே இதழில். நோயாளியின் பெயரும் புகைப்படமும் எங்கும் வரக்கூடாது.

இரண்டாவது, பொருளாளர் பதவிக்கு இதுவரை ஒருவரும் பெயர் தரவில்லை. நம் சங்கம் பதிவாகியிருக்கும் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. யாராவது வந்தாக வேண்டும். டாக்டர், ஆடிட்டர் பட்டம் எதுவும் தேவையில்லை. டி.பி. சீலைத் தொடங்கியவர் ஒரு குமாஸ்தா. கூட்டிக் கழிக்கத் தெரிந்து, ரசீது கேட்க வெட்கப்படாதவராக இருந்தால் போதும். செயலாளரிடம் உங்கள் பெயரைக் கொடுங்கள்.