காட்டைக் காப்பவருக்கும் கூலி உண்டு: கோஸ்டா ரிக்கா காட்டும் வழி

வளர்ச்சி வேண்டுமா, காடு வேண்டுமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. ஏழை நாடு முதலில் பசியைப் போக்கட்டும், மரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் பலர். இந்தக் கேள்விக்குச் சட்டத்தின் வழியாகவே விடை தேடிய ஒரு சிறு நாடு மத்திய அமெரிக்காவில் உள்ளது. அதுதான் கோஸ்டா ரிக்கா. பரப்பளவு சுமார் 51,100 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 50 இலட்சம். 1948-இல் தன் இராணுவத்தையே கலைத்துவிட்ட நாடு அது.

1940-களில் அந்நாட்டின் முக்கால் பங்கு நிலம் காடாக இருந்தது. 1980-களின் நடுப்பகுதிக்குள் அது கால் பங்குக்கும் கீழே சுருங்கியது. யார் அழித்தார்கள்? பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அரசின் கொள்கையே அதற்கு வழி வகுத்தது. அமெரிக்காவுக்கு மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்யும் பண்ணைகளுக்கு வங்கிகள் மலிவான கடன் கொடுத்தன. காட்டை வெட்டித் திருத்தியவருக்கு அந்த நிலத்தின் மீது உரிமை கோருவது எளிதாயிற்று. மரத்தை வெட்டாமல் விட்டவர் சோம்பேறியாகக் கருதப்பட்டார்!

1996-இல் வந்த 7575-ஆம் எண் வனச் சட்டம் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. இயற்கைக் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதை அது தடைசெய்தது. அத்தோடு நின்றுவிடாமல், காடு நான்கு சேவைகளைச் செய்கிறது என்றும் ஏற்றுக்கொண்டது: கரியமில வாயுவைப் பிடித்து வைப்பது, தண்ணீரைக் காப்பது, உயிரினங்களுக்கு இடம் தருவது, இயற்கை அழகைத் தருவது. இந்தச் சேவைகளுக்காக நில உரிமையாளருக்குப் பணம் தர வேண்டும் என்பதே அச்சட்டத்தின் புதுமை. தேசிய வன நிதியம் விவசாயியோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறது. 1997 முதல் பணம் போகிறது. பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி எரிபொருள் வரியிலிருந்து. 2001 முதல் அந்த வரி வருவாயில் 3.5 விழுக்காடு இதற்கென ஒதுக்கப்பட்டது. புகையை வெளியிடுபவர் செலுத்தும் வரி, அந்தப் புகையை உறிஞ்சும் மரத்தைக் காப்பவருக்குக் கூலியாகிறது. இதில் ஒரு நீதி இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இன்று அந்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட நிலம் மீண்டும் காடாக இருக்கிறது. பொருளாதாரமும் சுருங்கவில்லை, சுற்றுலாவும், மருத்துவக் கருவிகளின் ஏற்றுமதியும் பெருகின. 2015 முதல் பெரும்பாலான ஆண்டுகளில் மின்சாரத்தில் 98 விழுக்காட்டுக்கு மேல் நீர், புவிவெப்பம், காற்று ஆகியவற்றிலிருந்தே கிடைத்தது.

எனினும் எல்லாப் புகழையும் இந்தத் திட்டத்திற்கே கொடுத்துவிட முடியாது. 1980-களில் கடன் நெருக்கடி வந்தது, இறைச்சி விலையும் சரிந்தது. மேய்ச்சல் நிலங்கள் கைவிடப்பட்டன, அங்கே காடு தானாகவே திரும்பத் தொடங்கியது. சட்டத்தின் தடையும் சேர்ந்து வேலை செய்ததால், பணத்தின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். தொடக்கத்தில் நிலப்பத்திரமும் தொழில்நுட்ப ஆலோசகரும் உள்ள பெரிய உரிமையாளர்களே எளிதாக நுழைந்தனர். பத்திரம் இல்லாத ஏழை வெளியே நின்றார். பின்னரே 50 ஹெக்டேருக்குக் குறைந்த நிலம் வைத்திருப்பவர்களுக்கும் பழங்குடியினர் பகுதிகளுக்கும் முன்னுரிமை தரப்பட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. பசுமை நாடு என்று உலகம் போற்றும் அதே கோஸ்டா ரிக்காதான் அன்னாசிப்பழ ஏற்றுமதியிலும் முன்னணியில் நிற்கிறது. சிகிர்ரெஸ் பகுதிக் கிராமங்களின் குடிநீரில் தோட்டங்களுக்குத் தெளித்த புரோமாசில் என்ற களைக்கொல்லி கலந்தது. அம்மக்கள் ஆண்டுக்கணக்கில் லாரித் தண்ணீரை நம்பி வாழ நேர்ந்தது. அந்த மருந்துக்குத் தடை வந்ததோ 2017-இல்தான். மரத்துக்குக் கூலி தந்த சட்டம், தோட்டத்தை அடுத்து வாழ்ந்தவரின் குடத்தை மறந்துவிட்டது என்பதை எப்படி மறுப்பது?

2021-க்குள் கரிமச் சமநிலை அடைவோம் என்று 2007-இல் கொடுத்த வாக்குறுதியும் நிறைவேறவில்லை. 2019-இல் வெளியான புதிய தேசியத் திட்டம் 2050-ஐ இலக்காக வைத்தது. 2024 மே மாதத்தில் வறட்சியால் அணைகள் வற்றி, மின்வெட்டு அறிவிக்கும் நிலை வந்தது; மழை வந்ததால் அது கைவிடப்பட்டது.

இப்போது அவர்கள் முன் உள்ள சிக்கல் விசித்திரமானது. அந்நாட்டின் புகையில் பெரும்பங்கு வாகனங்களிலிருந்து வருகிறது; எனவே மின்சார வாகனங்களைப் பெருக்குவதே 2019 திட்டத்தின் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. அது வெற்றி பெறப் பெற, பெட்ரோல் விற்பனை குறையும். எரிபொருள் வரி குறையும். காட்டுக்குக் காவல் நிற்கும் விவசாயிக்குப் போகும் பணமும் குறையும். அந்தக் கூலியை இனி யார் தருவது? தண்ணீர்க் கட்டணத்திலிருந்து ஒரு பகுதி ஏற்கெனவே வருகிறது. அது மட்டும் போதாது.