கலிபோர்னியாவின் உமிழ்வுச் சட்டங்களும் குடிநீர் அமைப்புகளும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2006இல் இயற்றிய புவி வெப்பமாதல் தீர்வுச் சட்டம் (ஏபி 32), பசுமைக்குடில் வாயு உமிழ்வை 2020க்குள் 1990ஆம் ஆண்டின் அளவுக்குக் குறைக்கப் பணித்தது. மின் நிலையங்கள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், வாகனங்கள் ஆகியவையே அதன் முதன்மைக் குறி. குடிநீர் வழங்கும் பொது அமைப்புகள் பெரும்பாலும் மின்சாரக் கணக்கின் வழியாகவே அதில் சிக்கின.

அந்த மின்சாரச் செலவுக்கு நில அமைப்பே காரணம். மழை வடக்கில் பெய்கிறது. மக்கள் தெற்கில் குவிந்திருக்கிறார்கள். மாநில நீர்த் திட்டத்தின் தண்ணீர் தெற்கே போக டெஹாச்சப்பி மலையைத் தாண்டியாக வேண்டும். எட்மன்ஸ்டன் நீரேற்று நிலையத்தின் 14 பம்புகள் அதை ஒரே ஏற்றத்தில் சுமார் 587 மீட்டர் தூக்குகின்றன. துளி இழப்பும் இல்லையென்று வைத்துக்கொண்டாலும், ஆயிரம் லிட்டருக்கு 1.6 யூனிட் செலவாகும். மாநிலத்திலேயே மிக அதிகமாக மின்சாரம் இழுக்கும் ஒற்றை நுகர்வோர் இந்தத் திட்டம். இதை நடத்தும் நீர்வளத் துறை, நெவாடாவின் ரீட் கார்ட்னர் நிலக்கரி மின் நிலையத்துடனான உறவை 2013இல் முடித்துக்கொண்டது. மலிவு மின்சாரத்துக்காக இரவில் ஓடிய பம்புகளை, சூரிய மின்சாரம் மிகும் பகலுக்கு மாற்றியும் வருகிறது.

உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்து அனுமதிகளை ஏலம் விடும் முறை 2013இல் நடைமுறைக்கு வந்தது. வெளிமாநில மின்சாரத்தை உள்ளே கொண்டுவருபவரும் அதன் உமிழ்வுக்குப் பொறுப்பு. தென் கலிபோர்னிய மெட்ரோபாலிட்டன் நீர் மாவட்டம் கொலராடோ ஆற்று நீரை இறைப்பது ஹூவர், பார்க்கர் அணைகளின் நீர்மின்சாரத்தால். பற்றாக்குறைக்குச் சந்தையில் மின்சாரம் வாங்கும்; அது வெளிமாநிலத்திலிருந்து வந்தால் உமிழ்வு அனுமதியும் வேண்டும். வறட்சியில் வடக்கத்தித் தண்ணீர் சுருங்க, கொலராடோவில் கூடுதலாக இறைக்க நேரும். அணை மின்சாரமும் அப்போது குறையலாம். மின் விநியோக நிறுவனங்களுக்குத் தொடக்கத்திலேயே இலவச அனுமதிகள் கிடைத்தன. நீரை மொத்தமாக வழங்கும் பொது அமைப்புக்கு அவை பிந்தைய திருத்தத்தில்தான் வந்தன. தண்ணீர் வரி கட்டுவோரும் மின் கட்டணம் செலுத்துவோரும் ஒரே மக்கள் என்பதால், இந்தத் தாமதத்துக்கு நியாயம் காண்பது கடினம்.

கழிவுநீர்ப் பக்கம் ஆதாயமும் உண்டு. ஓக்லாந்தில் ஈஸ்ட் பே நீர் வாரியத்தின் கழிவுநீர் நிலையம், உணவுக் கழிவையும் சேர்த்துச் செரிக்க வைத்து, 2012 முதல் தன் தேவையை மிஞ்சி மின்சாரம் தயாரிக்கிறது.

அண்மைப் பூசல் வாகனங்களைப் பற்றியது. பொது அமைப்புகள் 2024 முதல் வாங்கும் கனரக வண்டிகளில் பாதியும், 2027 முதல் அனைத்தும் புகையில்லாதவையாக இருக்க வேண்டும் என்று 2023இல் வந்த விதி பணித்தது. நள்ளிரவில் பிரதான குழாய் உடைந்தால், சேற்றை உறிஞ்சும் லாரி விடிய விடிய எஞ்சினை அணைக்காமல் வேலை செய்ய வேண்டியிருக்கும்; நிலநடுக்கத்தில் மின்சாரமே போயிருந்தால் அதை எங்கே சார்ஜ் செய்வது என்று குடிநீர்த் துறையினர் கேட்டனர். அதே ஆண்டு நிறைவேறிய ஏபி 1594 சட்டம், இத்தகைய அத்தியாவசிய வண்டிகளை மாற்றுவதில் பொதுப் பயன்பாட்டு அமைப்புகளுக்குச் சலுகை தருமாறு, அந்த விதியை வகுத்த மாநிலக் காற்று வள வாரியத்தைப் பணித்தது.