தடுப்பூசியில் அலுமினியமா? கால்சியம் அதைவிட நல்லதா?

பெண்டாவேலன்ட் ஊசி போட்டதும் குழந்தையின் தொடை வீங்கினால், 'அதுல அலுமினியம் இருக்காமே!' என்று பெற்றோர் பதறுகிறார்கள். இருப்பது உண்மைதான். ஆனால் பாத்திர உலோகம் இல்லை, அதன் உப்பு.

1926-ல் பிரிட்டனின் கிளென்னி குழுவினர் டிப்தீரியா மருந்தில் படிகாரம் (சலூனில் ஷேவிங் முடிந்ததும் தேய்ப்பார்களே, அதேதான்) சேர்த்துப் பார்த்தார்கள். எதிர்ப்பு சக்தி கூடியது. இப்போது அதன் இடத்தில் அலுமினியம் ஹைட்ராக்சைடும் அலுமினியம் பாஸ்பேட்டும்.

போட்டிக்கு வந்தது கால்சியம் பாஸ்பேட். நம்ம எலும்பில் இருக்கும் வகைதான். ஆன்டிபாடியைக் கூட்டும், வீக்கமும் குறைவு என்பார்கள். பிரான்சில் பல வருஷம் போட்டார்கள். பிறகு அங்கேயும் அலுமினியம்தான்.

அலுமினியம் பாதுகாப்பானதா? டென்மார்க்கில் சுமார் 12 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை அலசிய ஆய்வு 2025-ல் வந்தது. ஆஸ்துமா, ஆட்டிசம் உள்பட 50 நோய்களில் எதற்கும் அலுமினியத்தால் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. தொடை வீக்கம் பெரும்பாலும் சில நாளில் வடிந்துவிடும்.