சேராங்கொட்டை செய்த கலகம்

என் சித்தப்பாவின் கல்யாணம் ஒரு தடவை நிச்சயமாகும் தறுவாயில் நின்றுபோயிற்று. பெண்ணிடம் குறை இல்லை, சீர்வரிசையில் தகராறு இல்லை, ஜாதகமும் பொருந்தியிருந்தது. சித்தப்பாவின் பிடரியில் ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவந்து, கொப்புளித்து, நீர் வடிந்துகொண்டிருந்த ஒரு புண்தான் காரணம். பெண் வீட்டார் அதைப் பார்த்தார்கள். ஒன்றும் பேசாமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் கடிதம் வந்தது. கடிதத்தில் ‘வியாதி’ என்ற சொல் இல்லை. ஊரில் அந்தச் சொல்லைத் தவிர வேறு சொல் இல்லை. என் பாட்டியே அவருக்குத் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். பெற்ற தாய்!

அந்த வாரம் வெளுத்த மூட்டையோடு வந்த எங்கள் வண்ணார், திண்ணையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த சித்தப்பாவைப் பார்த்தார். “சின்னய்யா, போட்டிருந்த சட்டையைக் கொஞ்சம் எடுத்தாங்க” என்றார். காலரைப் புரட்டிப் பார்த்தார். உட்புறத்தில் எங்கள் வீட்டுக் குறி, இரண்டு புள்ளியும் ஒரு கோடும், கறுப்பாக இருந்தது. பெண் பார்க்கப் போவதற்காகப் புதிதாகத் தைத்த சட்டைகள். அப்போதுதான் முதல் வெளுப்பு. சட்டையைத் தோளில் வைத்துப் பார்த்தால் குறி இருந்த இடமும் புண் இருந்த இடமும் ஒன்றாக இருந்தன.

“அம்மா, இது நம்ம கொட்டை செஞ்ச வேலைங்க” என்றார், பாட்டியின் முகத்தைப் பார்க்காமல்.

பேசாமல் இருந்திருந்தால் அவரை யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். சொன்னதற்குப் பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் அன்று கண்டு சொன்ன விஷயத்தை, 1943-ல் லிவிங்குட், ராஜர்ஸ், ஃபிட்ஸ்-ஹியூ என்ற மூன்று அமெரிக்க வைத்தியர்கள் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த நோய்க்கு அவர்கள் வைத்த பெயரே ‘தோபி குறித் தோலழற்சி’ என்பதுதான்.

கொட்டை என்றால் சேராங்கொட்டை. வடமொழியில் பல்லாதகம், ஹிந்தியில் பிலாவா. இருதயத்தைப் போன்ற வடிவம், கறுப்பு நிறம், ஓட்டுக்குள் எண்ணெய் போன்ற ஒரு சாறு. ஊசியால் குத்தி, அந்தச் சாற்றை ஒரு குச்சியால் தொட்டுத் துணியில் வைத்து, மேலே கொஞ்சம் சுண்ணாம்பைத் தடவினால் போதும். பிறகு வெள்ளாவி வைத்தாலும் போகாது, கல்லில் அறைந்தாலும் போகாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த ஒருவர், நூறு வீட்டுத் துணிகளை ஒரே துறையில் துவைத்து, ஒன்றுகூட மாறாமல் திருப்பிக் கொடுத்தது இந்த லிபியால்தான். மேல்நாட்டுத் தாவர சாஸ்திரிகளும் இதை மறக்கவில்லை. அவர்கள் வைத்த ‘செமிகார்ப்பஸ்’ என்ற பெயருக்குக் கிரேக்க மொழியில் ‘குறிபோடும் காய்’ என்றே அர்த்தம்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது, பர்மாவைக் கடந்து சீனாவுக்கு வழி திறப்பதற்காக அமெரிக்கர்கள் அஸ்ஸாமில் வந்து இறங்கினார்கள். 1942 டிசம்பரில் லெடோவிலிருந்து ரஸ்தா போடும் வேலை ஆரம்பமாயிற்று. மலேரியாவுக்குத் தயாராக வந்தார்கள். ஜப்பானியனுக்கும் தயாராக வந்தார்கள். சலவைக்குப் போட்ட சட்டை திரும்பி வந்து கழுத்தைக் கடிக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. காலரில் குறி இருந்தால் பிடரியில் அரிப்பு. கால்சட்டையின் இடுப்புப் பட்டியில் குறி இருந்தால் இடுப்பில் கொப்புளம்.

இதே துணியை இந்த நாட்டில் கோடிப் பேர் உடுத்துகிறார்களே, இவர்களுக்கு மட்டும் ஏன்? அமெரிக்கக் காடுகளிலும் வேலிகளிலும் ‘பாய்ஸன் ஐவி’ என்று ஒரு கொடி உண்டு. அங்கே பிள்ளைப் பிராயத்திலேயே அதில் உராய்ந்து அவஸ்தைப்பட்டவர்கள் ஏராளம். அந்தக் கொடியும் சேராமரமும் ஒரே குடும்பம். இரண்டின் சாறும் ரசாயன ரீதியில் பங்காளிகள். இந்தியாவைப் படத்தில் மட்டும் பார்த்திருந்த சிப்பாயின் தோல், சேராங்கொட்டையைச் சந்தித்த முதல் நாளே பழைய விரோதியைக் கண்டதுபோல் எழும்பிவிட்டது. மாமரமும் முந்திரியும்கூட இந்தக் குடும்பந்தான். மாங்காயின் காம்புப் பால் பட்டு உதடு வெந்தவர்களும், முந்திரிக்கொட்டையைச் சுட்டுத் தின்று விரல் புண்ணானவர்களும் இதைப் படிப்பவர்களில் இருப்பார்கள்.

பொதுவாக முதல் தடவை பட்டதும் ஒன்றும் நேராது. உடம்பு அதைக் குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவையோ, இருபது வருஷம் கழித்தோ கணக்குத் தீர்க்கிறது. இந்த மாறுபட்ட நடத்தைக்கு வியன்னாவைச் சேர்ந்த பிர்க்கே என்ற குழந்தை வைத்தியர் 1906-ல் ‘அலர்ஜி’ என்று பெயர் கொடுத்தார். ஒவ்வாமை என்ற நம் சொல் எனக்கு அதைவிடப் பிடித்திருக்கிறது. அதற்கு முன்பே, 1895-ல், யாடஸ்ஸோன் என்ற ஜெர்மானிய வைத்தியர் சந்தேகப்பட்ட மருந்தைத் தோலில் ஒட்டிவைத்துக் குற்றவாளியைப் பிடிக்கும் சோதனையை விளக்கிக் காட்டிவிட்டார். எங்கள் வண்ணார் சட்டையைத் தோளில் வைத்துப் பார்த்ததும் அதே ஜாதி யுக்திதான்.

சேராங்கொட்டை நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. அடிதடி வழக்கில் பொய்க் காயம் காட்ட விரும்பியவர்கள் இந்தச் சாற்றைத் தடவிக்கொண்டு வருவதுண்டு என்று நம் நாட்டுச் சட்ட வைத்தியப் புத்தகங்கள் எச்சரிக்கின்றன. நிஜமாக அடிபட்ட கன்றல் அரிக்காது. நாளாக ஆகப் பச்சையும் மஞ்சளுமாக நிறம் மாறும். இது அரிக்கும், கொப்புளிக்கும். அதோடு, சாற்றைத் தொட்ட விரல் நுனியிலும் சொறிந்த இடத்திலும் அதே கொப்புளம் நின்று சாட்சி சொல்லும். ஒரு துப்பறியும் கதைக்கென்று பத்து வருஷமாகப் பொத்தி வைத்திருந்த விஷயம். இப்போது இலவசமாகக் கொடுத்துவிட்டேன்.

சலவைக்காரரின் பேரில் சுமத்தப்பட்ட இன்னொரு பழியும் உண்டு. தொடை இடுக்கில் வட்டமாகப் பரவும் படைக்கு வெள்ளைக்காரர்கள் ‘தோபி இட்ச்’ என்று பெயர் வைத்தார்கள். சலவைத் துணியிலிருந்து வருகிறது என்று நம்பினார்கள். அது காளான் இனத்துக் கிருமியால் வருவது. வியர்வையும் ஈரமும் இறுக்கமான உடுப்பும் அதற்குப் போதும். கொழும்பில் இருந்த காஸ்டெல்லானி என்ற இத்தாலிய வைத்தியர் இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே அதை ஆராய்ந்திருக்கிறார்.

பெயர்க் குழப்பம் பழங்கதைதானே என்று விட்டுவிட முடியவில்லை. 1952-ல் ஸல்ஸ்பர்கர், விட்டன் என்ற இருவர் ஹைட்ரோகார்ட்டிஸோன் களிம்பு தோல் அழற்சியைத் தணிக்கும் என்று காட்டினார்கள். ஒவ்வாமைப் புண்ணுக்கு அது பெரிய வரப்பிரசாதம். ஆனால் கடையில் கேட்டு வாங்கிய அதே இனத்துக் களிம்பைக் காளான் படைக்குத் தடவினால், முதலில் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும், உள்ளே படை கொழுத்துப் பரவும். இன்று தோல் வைத்தியர்களின் வாசலில் காத்திருப்பவர்களில் பலர் இப்படி வந்து சேர்ந்தவர்கள்தாம்.

ஆகவே முதலில் புண்ணின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். வாட்சு வார் போலவோ, செருப்பு வார் போலவோ, ஜாக்கெட்டின் ஊக்குப் போலவோ இருந்தால் வெளியிலிருந்து பட்ட பொருள் அது. பட்டுப் பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும். பொருளை விலக்கி, சாறு பட்டிருந்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணி போட்டுவந்தால் சிறிய புண் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். முகமோ கண்ணோ வீங்கினால், பெரிதாகப் பரவினால், சீழ் பிடித்தால் வைத்தியரிடம் போக வேண்டும். கொப்புள நீர் பட்டு அடுத்தவருக்கு ஒட்டாது. தனித் தட்டு வேண்டியதில்லை.

காணாக்கடி வேறு. இறால் தின்றோ மாத்திரை விழுங்கியோ சிறிது நேரத்துக்குள் தடிப்புத் தடிப்பாக எழும்பி, ஒரு தடிப்பு ஒரு நாளைக்குள் அடங்கி இன்னோரிடத்தில் கிளம்பும். 1957-ல் நோபல் பரிசு பெற்ற போவே வழி காட்டிய ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகள் கேட்பது இதற்குத்தான். குறிப் புண்ணை அவை ஆற்றுவதில்லை. தடிப்போடு உதடும் நாக்கும் வீங்கி மூச்சுத் திணறினால், மாத்திரை தேடிக்கொண்டிராமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சித்தப்பாவின் புண் மூன்று வாரத்தில் ஆறியது. பெண்ணுக்கு அதற்குள் வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது. சித்தப்பா இரண்டு வருஷம் கழித்து வேறு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பாட்டி அந்தத் தனித் தட்டைத் திரும்ப அடுக்கில் வைத்தாளே தவிர, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. எங்கள் வண்ணார் மட்டும் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுத் துணிகளில் கொட்டைக் குறி போட்டதில்லை. காலருக்குள் சிவப்பு நூலால் இரண்டு புள்ளியும் ஒரு கோடும் தைத்துக் கொடுத்துவிடுவார்.